ஏழு மஞ்சள் சீட்டுகளைத் திருப்பித் தரக் கோரும் மனு

அனுப்புநர்
டோரீன் ஹாச்செல்,
ஓய்வுபெற்ற பள்ளிப் பேருந்து ஓட்டுநர்,
ஆல்டர் கிரீக் சாலை, வடக்கு கலிபோர்னியா.

பெறுநர்
மண்டல அதிகாரி அவர்கள்,
மத்திய போதைப்பொருள் தடுப்புப் பிரிவு.

பொருள்: 16.09.2003 அன்று என் தோட்டத்தில் வெட்டப்பட்ட ஏழு கஞ்சாச் செடிகளின் பெயர்ச் சீட்டுகளைத் திரும்பப் பெறுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. என் கணவர் வென்டலுக்கு நரம்பு நோய். கால்கள் முறுக்கிக்கொண்டால் நாற்காலியோடு சேர்ந்து ஆடுவார். கஞ்சா உதவும் என்று மருத்துவர் கடிதம் கொடுத்தார். 1996-இல் இந்த மாநிலத்து மக்கள் வாக்களித்து இதை மருந்தாக ஏற்றார்கள். அவருக்கும் இன்னும் ஆறு நோயாளிகளுக்குமாக, ஆளுக்கு ஒரு செடி வளர்த்தேன்.

2. எங்கள் உள்ளூர்க் காவல் தலைவரான ஷெரிப்பின் அலுவலக விதிப்படி ஒவ்வொரு செடியிலும் நோயாளியின் பெயர் எழுதிய மஞ்சள் சீட்டு தொங்க வேண்டும். படிப்பவர் சிரமப்படக் கூடாதென்று கொட்டை எழுத்தில் எழுதினேன். என் புத்தியைச் சொல்ல வேண்டும். ஜூன் மாதம் துணை ஷெரிப் ரஸ் மெக்லீரி வந்து எண்ணிப் பார்த்தார். "எல்லாரும் உங்கள மாதிரி இருந்தா எனக்கு வேலையே இருக்காது டோரீன்" என்று எலுமிச்சைச் சாறு குடித்துவிட்டுப் போனார்.

3. செப்டம்பரில் தங்கள் அதிகாரிகள் எட்டுப் பேர், பூட்டாத கதவை உடைத்துக்கொண்டு வந்தார்கள். மாநிலச் சட்டத்தின் நகலைக் காட்டினேன். "இதெல்லாம் உங்க மாநிலத்துக்காரங்ககிட்ட காட்டுங்கம்மா, நாங்க மத்திய அரசு" என்றார் அவர்களின் தலைவர். அவர்களுக்காகச் சாலையில் மற்ற வண்டிகளை நிறுத்திக்கொண்டிருந்தவர் அதே ரஸ். கடைசிவரை என் முகத்தைப் பார்க்கவில்லை.

4. செடிகளைக் குப்பை போல லாரியில் வீசினார்கள். சீட்டுகளை மட்டும் ஒவ்வொன்றாக உறையிலிட்டார்கள். மறுநாளே பள்ளி உணவக சமையல்காரர் இர்மா சொலிஸ் தொலைபேசியில் அழுதார். அந்த ஆறு பேரில் ஒருவர், அவருக்கு மார்பகப் புற்றுநோய். "என் பேரு அவங்ககிட்ட இருக்கு டோரீன், வேலை போயிடுமா?" என்று கேட்டார். அதன்பின் என் வீட்டுப் பக்கம் வரவில்லை. ஊசி மருந்து ஏறிய நாட்களில் இரண்டு வாய் பீன்ஸ் உள்ளே இறங்க அவருக்கு இருந்த ஒரே வழி அந்தச் செடிதான். இப்போது அஞ்சலகத்தில் என்னைக் கண்டால் வெளியே போய்விடுகிறார். எனக்குத் தாங்கவில்லை.

5. வழக்கு வந்தால் மத்திய நீதிமன்றத்தில் 'மருந்து' என்ற சொல்லையே எடுக்கக் கூடாதாம், என் வழக்கறிஞர் சொல்கிறார். இருபத்தாறு வருடம், சட்டம் சொல்கிறதே என்று ரயில் வராத தண்டவாளத்திலும் பேருந்தை நிறுத்திப் பார்த்துவிட்டு ஓட்டியவள் நான். எனக்குச் சட்டம் கற்பிக்க வேண்டாம். ஓர் அரசு கட்டச் சொன்ன சீட்டை இன்னொரு அரசு சாட்சியாக அள்ளிப்போவது எந்த ஊர் நியாயம்?

ஆகவே, அந்த ஏழு சீட்டுகளையும் பதினைந்து நாட்களுக்குள் திருப்பித் தருமாறும், அவற்றில் பெயருள்ள ஒருவரையும் விசாரணைக்கு அழைக்க வேண்டாமென்றும் கேட்டுக்கொள்கிறேன். செடிகள் வேண்டாம், அவை மறுபடி வளரும். வரும் மே மாதம் அதே இடத்தில் ஏழு நடுவேன். சீட்டும் கட்டுவேன். ஏழிலும் ஒரே பெயர்தான் இருக்கும். அந்தப் பெயரைக் கீழே கொட்டை எழுத்தில் எழுதியிருக்கிறேன். கதவு இந்த முறையும் பூட்டியிருக்காது, தள்ளினாலே திறக்கும்.

இடம்: ஆல்டர் கிரீக்
தேதி: 06.10.2003

இப்படிக்கு,
தங்கள் அதிகாரிகளுக்கு இனி வேண்டிய ஒரே பெயர்,
டோரீன் ஹாச்செல்