பஞ்சர் பெட்டியில் ஒரு பஸ் அட்டவணை

ஜனவரி 9

மகாராணிக்கு,

இங்கு நான் நலம். அங்கு உன் முழங்கால்கள் நலமா? மற்ற அவயவங்களை அடுத்த கடிதத்தில் விசாரித்துக்கொள்கிறேன்.

நீ எழுதிவைத்துவிட்டுப் போன தபால் நிலையப் பட்டியலைச் சுவரில் ஒட்டியிருக்கிறேன். ஏழு ஊர், நாற்பத்தெட்டு நாள், மூவாயிரத்து இருநூறு கிலோமீட்டர். தேசத்தின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு, அதுவும் சைக்கிளில். இந்தக் கடிதம் உன் கையில் கிடைத்தால் முதல் ஊர்வரைக்கும் போய்விட்டாய் என்று அர்த்தம். அதுவே எனக்கு ஆச்சரியம்தான். மொட்டை மாடிக்குத் துணி காயப்போடப் போனாலே நடுப்படியில் உட்கார்ந்து மூச்சு வாங்குகிற ஆள் நீ.

உன் படையை நினைத்தால் சிரிப்பு தாங்கவில்லை. ஊரார் பல்லைப் பிடுங்கும் டாக்டரம்மா, கணக்கு டீச்சர், தையல் கடைக்காரி, மூக்குக் கண்ணாடிக்கு லென்ஸ் பொருத்துகிற நீ. நாலு பேர் வயதையும் கூட்டினால் இருநூறைத் தாண்டும். எங்கள் சர்வே ஆபீஸில் எதிர் மேஜைக்காரர் கேட்டார்: "சார், வீட்டம்மா எதுக்கு சைக்கிள்ல கிளம்பிட்டாங்க?" நான் சொன்னேன்: "நாட்ட அளக்கப் போயிருக்கா. நம்ம அளவு மேல அவளுக்கு நம்பிக்கை இல்லயாம்." தேநீர் ஆறிப்போகும்வரை சிரித்தார்கள்.

பத்தாம் நாள் பஸ்ஸில் வந்து இறங்குவாய் என்று எல்லோரிடமும் சொல்லிவைத்திருக்கிறேன். வெட்கப்படாமல் வா.

உன் பாவப்பட்ட புருஷன்

—

ஜனவரி 15

அன்புள்ள உங்களுக்கு,

முழங்கால் நலம். கைதான் சரியில்லை. நாள் முழுக்க ஹேண்டில்பாரை அழுத்திப் பிடிப்பதில் சுண்டுவிரலும் மோதிர விரலும் மரத்துப்போயிருக்கின்றன. எழுத்து கோழி கிளறியது போல இருக்கிறதே என்று திட்டாதீர்கள்.

இங்கே கண்ணுக்கெட்டியவரை ஒரே நேர்ச்சாலை, முகத்தில் அடிக்கிற காற்று. ஒருவர் பின் ஒருவராகப் போகிறோம். முன்னால் போகிறவர் காற்றை வாங்கிக்கொண்டால் பின்னால் வருகிற மூன்று பேருக்கும் பாரம் குறையும். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை ஆள் மாறுவோம். என் முறை வரும்போது எனக்கு நிஜமாகவே சந்தோஷமாக இருக்கிறது.

இரண்டாம் நாளே எனக்குப் பஞ்சர். மரம் மட்டை ஒன்றும் இல்லாத இடம். என் பையிலிருந்த பஞ்சர் பெட்டியைத் திறந்தால் ஒட்டுகிற ரப்பரும் இல்லை, பசையும் இல்லை. எடுத்துவைக்க மறந்துவிட்டேன் என்று எல்லோரிடமும் சொன்னேன். டீச்சருக்குக் கோபம். "அம்பது வயசாச்சு, ஒரு பெட்டிய சரிபாக்கத் தெரியாதா உனக்கு?" அவளுடைய ரப்பர் வெயிலில் இளகி ஒட்டாமல் படுத்தியது. இரண்டு மணி நேரம் நாலு பேரும் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். பெட்டியில் வேறு என்ன இருந்தது என்று நான் யாரிடமும் காட்டவில்லை.

ரத்த அழுத்த மாத்திரை அலமாரியில் இரண்டாம் தட்டில் இருக்கிறது. மறக்காமல் போடுங்கள். வந்து சேர்ந்தாயா என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம் நீங்கள்.

உங்கள் மனைவி

—

ஜனவரி 22

மகாராணிக்கு,

கண்டுபிடித்துவிட்டாயா? ரப்பரையும் பசையையும் எடுத்துவிட்டு, அந்த இடத்தில் பஸ் அட்டவணையை மடித்து வைத்தது அடியேன்தான். "எப்படியும் தேவைப்படும்" என்று சிவப்பு மையில் எழுதியிருந்தேனே, படித்தாயா? யாரிடமும் காட்டாமல் மறைத்துவிட்டாயாக்கும். கொஞ்சமாவது ரசனை இருந்தால் நாலு பேரிடம் காட்டியிருப்பாய். எதிர் மேஜைக்காரர் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்.

உன் கடிதத்தை ஆபீஸில் வாசித்துக் காட்டினேன். முன்னால் போகிற முறை வந்தால் உனக்குச் சந்தோஷமாமே. வீட்டைப் பூட்டினோமா இல்லையா என்று மூன்று முறை திரும்பி வந்து பார்க்கிற மண்டூகம் நாலு பேருக்கு வழிகாட்டுகிறது என்றேன். உன்னை வைத்துக்கொண்டு இருபத்தாறு வருஷம் குப்பை கொட்டியிருக்கிறேன். பதக்கம் கொடுப்பதானால் எனக்குத்தான் கொடுக்க வேண்டும்.

மாத்திரை போடுகிறேன். நீ சொல்லித்தான் எனக்குத் தெரிய வேண்டுமா?

உன் பாவப்பட்ட புருஷன்

—

பிப்ரவரி 1

அன்புள்ள உங்களுக்கு,

எங்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. கடிதம் வாங்கியதும் தபால் நிலைய வாசலிலேயே உட்கார்ந்து உரக்கப் படிப்போம். டாக்டரின் மகன் எழுதுவது, தையல்காரியின் அண்ணன் எழுதுவது எல்லாமே பொதுச்சொத்து. உங்கள் முதல் கடிதத்துக்கு எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

இரண்டாவது கடிதத்தை மரத்த விரலால் பிரிக்க முடியாமல் டீச்சரிடம் கொடுத்தேன். வகுப்பில் படிப்பது போலப் படித்தாள். சிவப்பு மை வந்த இடத்தில் நிறுத்தி என்னைப் பார்த்தாள். "படி" என்றேன். பதக்கம் வரைக்கும் படித்தாள். யாரும் சிரிக்கவில்லை.

டாக்டர் மட்டும் கேட்டாள். "வீட்லயும் இப்படித்தான் பேசுவாரா?"

"சும்மா, விளையாட்டுக்கு."

"எத்தன வருஷமா விளையாடுறாரு?"

டீச்சர் கடிதத்தை மடித்து என் மடியில் வைத்தாள். "அன்னிக்கு உன்னப் போய்த் திட்டிட்டேன்" என்றாள். தையல்காரி தன் பெட்டியிலிருந்து பாதி ரப்பரை எடுத்து என் பெட்டியில் வைத்தாள். அன்று மதியம் முழுக்க என்னை முன்னால் போகவிடாமல் அவர்கள் மூவருமே மாறி மாறிக் காற்றை வாங்கிக்கொண்டார்கள்.

பின்னால் வந்துகொண்டே யோசித்தேன். எனக்கு அவமானமாக இருந்தது. உங்களோடு சேர்ந்து நானும் என்னைப் பார்த்துச் சிரித்திருக்கிறேன், இத்தனை வருஷம். அந்த வெயிலில் யாராவது மயங்கி விழுந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இப்போதாவது உங்களுக்குத் தோன்றியதா?

வீட்டுக்குத் திரும்புவதா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன். மிரட்டுவதற்காக எழுதவில்லை. கேலி இல்லாமல் எனக்கு ஒரே ஒரு கடிதம் எழுதுங்கள். கடைசி ஊருக்கு அனுப்புங்கள். அதைப் படித்துவிட்டு முடிவு செய்கிறேன்.

உங்கள் மனைவி

—

பிப்ரவரி 10

அன்புள்ள மனைவிக்கு,

கேலி இல்லாமல் எழுதச் சொல்லியிருக்கிறாய். எழுதுகிறேன், பார்.

குளியலறைக் குழாய் ஒழுகுகிறது. வாளி வைத்திருக்கிறேன். உன் கடிதத்தை ஆபீஸில் வாசிக்கவில்லை. வாசிக்கலாமென்றாலும் எதிர் மேஜைக்காரர் மாற்றலாகிப் போய்விட்டார். மற்றவர்களுக்கு எதைச் சொன்னாலும் விளக்க வேண்டியிருக்கிறது.

பல்லைப் பிடுங்குகிறவளுக்கு அடுத்த வீட்டுச் சமாசாரத்தையும் பிடுங்கினால்தான் தூக்கம் வரும் போலிருக்கிறது. இது கேலியில் சேராது, உண்மை. அந்த மூன்று பேருக்கும் நகைச்சுவை உணர்வு கிடையாது. அதற்கு நான் என்ன செய்ய?

நான் வருத்தம் தெரிவிக்க வேண்டும் என்று எதிர்பார்க்கிறாய். தெரிவிக்கிறேன். பெட்டியில் வைத்தது போன வருஷத்து அட்டவணை என்பதை அப்புறம்தான் கவனித்தேன்.

வீடு நன்றாக இல்லை. சாயங்காலம் வந்தால் பேச ஆள் இல்லை. கிண்டல் பண்ண ஒரு முகம் எதிரில் இல்லாமல் சோறு இறங்க மாட்டேன் என்கிறது. போதும், வந்துவிடு. எந்த ரயில் என்று எழுது, ஸ்டேஷனுக்கு வருகிறேன். சைக்கிளை நானே தள்ளிக்கொண்டு வருகிறேன்.

உன் புருஷன்

—

பிப்ரவரி 25

உங்களுக்கு,

நேற்று மாலை வந்து சேர்ந்தோம். சாலை முடிகிற இடத்தில் கடல் இருக்கிறது. நாலு பேரும் சைக்கிளோடு முழங்கால் அளவு தண்ணீரில் இறங்கி நின்றோம்.

உங்கள் கடிதத்தை உரக்கப் படிக்க நான் கொடுக்கவில்லை. உங்களை அவர்கள் இன்னும் கேவலமாக நினைப்பதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. தனியாக உட்கார்ந்து, எதையாவது தவறவிட்டேனோ என்று மூன்று முறை படித்தேன். பேச ஆள் இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். கிண்டல் பண்ண முகம் இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். நான் இல்லை என்று ஓரிடத்தில்கூட எழுதவில்லை. ஆள்தான் வேண்டுமென்றால் எதிர் மேஜைக்குச் சீக்கிரமே யாராவது வருவார்கள்.

தையல்காரியின் அண்ணன் வீடு இந்த ஊரில்தான். மாடியில் ஓர் அறை காலியாக இருக்கிறது. கடைவீதியில் ஒரு கண்ணாடிக் கடையில் விசாரித்தேன். லென்ஸ் பொருத்த ஆள் தேவையாம், திங்கட்கிழமை வரச்சொன்னார்கள். மற்ற மூவரும் நாளை மதிய ரயிலில் கிளம்புகிறார்கள். அவர்களை வழியனுப்பப் போகிறேன்.

குழாய்க்கு ஆள் கூப்பிட்டுச் சரிசெய்யுங்கள். ஸ்டேஷனுக்கு வர வேண்டாம்.

இப்படிக்கு,
கண்ணாடிக் கடைக்காரி