கர்சர் நின்ற வரி

15 ஜூன் 99, செவ்வாய்

காலையிலேயே சாரல் காற்று. டவுண் பஸ்ஸில் ஜன்னலோரம், இறங்கும்போது தலை பேய்க்கோலம்.

வெள்ளிக்கிழமை கைடிடம் புரோகிராமை ஓட்டிக் காட்ட வேண்டும். தவறினால் எம்.ஃபில். அடுத்த வருஷம்தான். அம்பாசமுத்திரம் மழைச் சராசரி, அவர் கையால் போட்டதைவிட இன்னும் குறைவாகவே வருகிறது. எங்கே பிசகு? தெரியவில்லை.

லேபில் எங்கள் இருவருக்கும் ஒரே கம்ப்யூட்டர், ஒரே லாகின். மதியம் வரை நான், பிறகு சண்முகம். எம்.எஸ்ஸி.யிலிருந்து கூடப் படிப்பவன், வாய் கொஞ்சம் நீளம். இன்று கரண்ட் போய்ப் போய் வந்தது. ஒவ்வொரு தடவையும் எல்லா ஃபைலையும் திறந்து, விட்ட வரியைத் தேடி... அழுகையே வந்துவிட்டது. தன் முறைக்கு வந்த சண்முகம் பார்த்துவிட்டுச் சொன்னான்:

"எதுக்கு இந்தப் பாடு படுத மங்கை? எடிட்டர்ல செஷன்னு ஒண்ணு இருக்குல்லா. இங்கன இந்தக் கட்டளையப் போடு. உன் பேர் குடுத்து வையி, பேரில்லாதது என்னுது, என்ன?"

போட்டேன். மூடினேன். திரும்பக் கூப்பிட்டேன். அடேயப்பா! எல்லா ஃபைலும் அதனதன் ஜன்னலில், கர்சர் விட்ட வரியிலேயே. இதை எழுதியவன் கையில் தங்கக்காப்புதான் போட வேண்டும்.

வீட்டுக்கு: சீப்பு, ஜவ்வரிசி.

16, புதன்

வானம் மூட்டம். மழை இல்லை.

அவசரத்தில் பெயர் கொடுக்காமல் செஷனைச் சேமித்தேன். "ஏற்கெனவே இருக்கிறது, ஆச்சரியக்குறி போட்டால் மேலே எழுதுகிறேன்" என்றது. போட்டேன். மேலே எழுதியது சண்முகத்தின் செஷன்மேல்.

"கண்ணு தெரியுதா இல்லையா உனக்கு? படிச்சுப் படிச்சு சொன்னேன்லா! எதெது எங்கன வச்சேன்னு இனி யாருக்குத் தெரியும்?"

ஃபைல்கள் பத்திரம். அடுக்கி வைத்திருந்த அடுக்குதான் போயிற்று. அவனும் வெள்ளிக்கிழமை அத்தியாயம் கொடுக்க வேண்டியவன். மன்னிப்புக் கேட்டேன், திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

17, வியாழன்

காலை, மறுபடியும் மறதி. பெயர் கொடுக்காமலே செஷனைக் கூப்பிட்டேன். நேற்று சாயங்காலம் அவன் சேமித்தது வந்தது.

அவன் அத்தியாயம் இல்லை. எல்லாம் என் ஃபைல்கள். இடப்பக்கம் என் புரோகிராம், வலப்பக்கம் மழைப் பதிவு. வலப்பக்கக் கர்சர் மழை அளக்காத ஒரு நாளில், காலியான இடத்தில். இடப்பக்கக் கர்சர், காலி இடத்தை நான் பூஜ்யம் என்று எடுத்துக்கொண்ட வரியில். அளக்காத நாளெல்லாம் மழை பெய்யாத நாளாகக் கணக்கில்! ஓர் எழுத்துகூட அவன் தொடவில்லை.

திருத்தி ஓட்டினேன். கைடின் கணக்கோடு அப்படியே ஒத்துப்போனது.

மதியம் வந்தான்.

"நேத்து என் ஃபைலை எதுக்குத் திறந்த?"

"கோவத்துல என் வேலை ஓடல. அதான் உன்னுதப் பார்த்தேன். எந்திரி, என் நேரம்."

இவனைப் போல ஒருத்தன் கிடையாது. எந்திரிக்கவில்லை. பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டேன். அவன் அத்தியாயத்தை ஒவ்வொரு ஃபைலாக அவன் சொல்லச் சொல்ல நான் திறந்து பழையபடி அடுக்கினேன். வீட்டுக்குப் போகும் கல்லிடைக்குறிச்சி பஸ் போனால் போகட்டும்.