எர்லிண்டாவின் டிக்கெட்

மே 31, வெள்ளி

கடிதம் வந்துவிட்டது. சிபுயான் தீவின் அரசு மருத்துவமனையில் மருந்தாளுநர் வேலை. ஜூன் 10, திங்கட்கிழமை காலை எட்டு மணிக்குள் நேரில் போய்க் கையெழுத்துப் போட வேண்டும். தவறினால் வரிசையில் அடுத்த ஆளுக்குப் போய்விடும்.

அப்பா கடிதத்தை எடுத்துக்கொண்டு தெருவில் காட்டப் போயிருக்கிறார். போன நவம்பரில் நான் லைசென்ஸ் தேர்வில் பாஸானபோது தெருமுனையில் என் படம் போட்டு ஃப்ளெக்ஸ் கட்டியவர் அவர். எங்கள் வீட்டில் முதல் பட்டதாரி என்று கொட்டை எழுத்தில். மழையில் என் ஒரு கண் வெளுத்துவிட்டது, இன்னும் கழற்ற மனமில்லை அவருக்கு. நான் அந்த வழியாகப் போவதே இல்லை. வயலைச் சுற்றிக்கொண்டு போகிறேன்.

அம்மா சோற்றுப் பானையை மூடிவிட்டுக் கேட்டாள்: "அங்க போக கடல் மேலயா போகணும்?"

"ராத்திரி முழுக்கம்மா."

"காத்து அடிச்சா ஏறாத. சத்தியம் பண்ணு."

பண்ணினேன். எனக்கும் பயம்தான். இருபத்து மூன்று வயதாகிறது, இன்னும் கடலைப் பார்த்ததில்லை. ஏழாயிரம் தீவு உள்ள நாட்டில் பிறந்துவிட்டு இதை யாரிடம் சொல்வது?

ஜூன் 7, வெள்ளி

எங்கள் ஊர் கிம்பாவிலிருந்து மணிலாவுக்கு ஒரு பஸ். அங்கிருந்து பத்தாங்காஸ் துறைமுகத்துக்கு இன்னொன்று. மடியில் பையை இறுக்கிப் பிடித்தே வந்ததில் விரல் மடங்கவில்லை. பக்கத்து சீட்டுக்காரர் வேர்க்கடலை நீட்டினார். வேண்டாம் என்று தலையாட்டினேன். பசித்தது.

கடல் தெரிந்தது. சாம்பல் நிறம். படத்தில் நீலமாகத்தானே இருக்கும்?

காற்று பலமாம். எந்தக் கப்பலும் கிளம்பவில்லை. காத்திருப்புக் கூடம் முழுக்க ஜனங்கள் அட்டை விரித்துப் படுத்திருக்கிறார்கள்.

ஜூன் 8, சனி, மாலை

என்ன செய்துவிட்டேன்?

மூன்று மணிக்குக் காற்று தணிந்தது, இன்று இரவு கப்பல் உண்டு என்றார்கள். நேற்றிலிருந்து தேங்கிய கூட்டம் மொத்தமும் கவுன்டருக்கு ஓடியது. என்னை முந்தி ஒவ்வொருவராக நுழைந்தார்கள். நானும் "பரவாயில்லை, பரவாயில்லை" என்று ஒதுங்கிக்கொண்டே இருந்தேன். என் முறை வந்தபோது டிக்கெட் தீர்ந்துவிட்டது. அடுத்த கப்பல் செவ்வாய்க்கிழமை.

தூணோரம் நின்று அழுதிருக்கிறேன் போல. பழைய துணி மூட்டைகள் மேல் உட்கார்ந்திருந்த ஒரு அம்மாள் கூப்பிட்டார். பூரிங் என்று பெயர். தீவில் பழைய துணி வியாபாரமாம்.

"ஏம்மா, யாரு செத்துட்டா?"

"யாரும் இல்ல அக்கா. டிக்கெட் கிடைக்கல. திங்கக்கிழமை சேரலைன்னா வேலை போயிடும்."

"அதுக்கா இந்த ஒப்பாரி? இந்தா."

ஒரு டிக்கெட்டை என் கையில் திணித்தார். அவருடைய ஊர்க்காரி எர்லிண்டா இங்கே எலெக்ட்ரானிக்ஸ் ஃபேக்டரியில் வேலை செய்கிறாளாம். புருஷனும் பிள்ளைகளும் தீவில். வாரக்கடைசிக்கு வீட்டுக்குப் போக இருந்தவளை நாளை ராத்திரி வரை ஓவர்டைம் என்று நிறுத்திவிட்டார்களாம். யாருக்காவது ஆகட்டும் என்று டிக்கெட்டை ஆள் மூலம் அக்காவிடம் கொடுத்தனுப்பியிருக்கிறாள்.

"இன்னைக்கு ஒரு ராத்திரி நீ எர்லிண்டா ராபினோ. வயசு முப்பத்தொண்ணு. ரெண்டு பிள்ளை பெத்தவ மாதிரி மூஞ்சிய வெச்சுக்க."

"பேரு வேறயா இருக்கே அக்கா..."

"சிபுயான் கப்பல்ல யாரு சொந்தப் பேருல வர்றா? எல்லாரும் பண்றதுதான்டி."

வேண்டாம் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். "நன்றி அக்கா" என்று வந்தது. எப்போதும் எனக்கு இப்படித்தான்.

ஏறும்போது நெரிசலில் யாரும் அடையாள அட்டை கேட்கவில்லை.

அம்மாவுக்கு மெசேஜ் அனுப்பினேன்: காத்து இன்னும் அடிக்குது, கப்பல் போகல, தோழி வீட்ல தங்கியிருக்கேன், வேலைய பத்தி போன்ல பேசிட்டேன், கவலைப்படாத. ஒரே மூச்சில் நாலு பொய்.

ஜூன் 8, இரவு

கட்டில் எண் 214. இரண்டடுக்கு, எனக்குக் கீழ்த்தட்டு. ரெக்சின் மெத்தை. சுவர் இல்லை, மழைக்குத் தார்ப்பாய் மட்டும். தார்ப்பாய்க்கு அந்தப் பக்கம் கறுப்பாக ஏதோ மூச்சு விடுகிறது. அதுதான் கடல். கால் பக்கம் யாரோ சண்டைச் சேவலை அட்டைப் பெட்டியில் வைத்திருக்கிறார்கள்.

ஒலிபெருக்கியில் பயணத்துக்கான ஜெபம் சொன்னார்கள். எல்லாரும் சிலுவை போட்டுக்கொண்டோம். ஆமென் அடங்குவதற்குள் அறிவிப்பு: அடுத்தவர் டிக்கெட்டில் ஏறியவர்கள் பிடிபட்டால் தீவில் இறங்க அனுமதி கிடையாது, இதே கப்பலில் திருப்பி அனுப்பப்படுவார்கள்.

பூரிங் அக்கா பக்கத்துக் கட்டிலில் பன்றித்தோல் வறுவலை வினிகரில் தோய்த்து மென்றுகொண்டிருந்தார்.

டிக்கெட் அதிகாரி கசிமிரோ பட்டியலோடு கட்டில் கட்டிலாக வந்தார். "214, எர்லிண்டா ராபினோ?"

"இருக்கேன்."

"215, பெனிட்டா, அறுபத்து மூணு?"

"இருக்கேன்பா..." பூரிங் அக்கா இழுத்து இழுத்து இருமினார்.

அவர் போனதும் இருமல் நின்றது. "எங்க அக்காவோட முதியோர் அட்டை. டிக்கெட்ல தள்ளுபடி உண்டுல்ல? எனக்கு அம்பத்திரண்டுதான். ஆனா பாரு, அந்தப் பாவி ஒரு சந்தேகமும் இல்லாம நம்பிட்டுப் போறான்!"

சிரித்தேன். சிரிக்கும்போதே கப்பல் ஒரு பக்கம் சாய்ந்து, நிமிர்ந்தது.

ஜூன் 9, ஞாயிறு. மணி இரண்டோ மூன்றோ

சத்தம் நின்றதால்தான் விழித்தேன். இன்ஜின் நின்றுவிட்டது.

விளக்கும் இல்லை. போன் வெளிச்சத்தில் எழுதுகிறேன், எழுத்து கோணல். கப்பல் முன்னால் போகவில்லை, பக்கவாட்டில் உருளுகிறது. ஒரு பக்கம் போய் — அங்கேயே நின்று — திரும்பி வராதோ என்று நினைக்கும்போது வருகிறது. தகர டப்பாக்கள், செருப்புகள் எல்லாம் தரையில் அங்கும் இங்கும் ஓடுகின்றன. சேவல் கத்துகிறது. குழந்தைகள். தார்ப்பாயைத் தாண்டித் தண்ணீர் வருகிறது.

லைஃப் ஜாக்கெட் போடச் சொன்னார்கள். என்னுடையதில் ஒரு வார் அறுந்திருக்கிறது. துண்டால் முடிந்துகொண்டேன்.

கசிமிரோ கத்திக்கொண்டே ஓடினார்: "பயப்படாதீங்க! ரெண்டு இன்ஜினும் சூடாயிடுச்சு. பாக்குறாங்க! பட்டியல் இருக்கு, எல்லார் பேரும் இருக்கு!"

எல்லார் பேரும்.

என் பேர் இல்லையே. மூழ்கினால் எர்லிண்டா ராபினோ செத்துப்போவாள். அவள் புருஷனுக்குப் போன் போகும். ஃபேக்டரியிலிருந்து அவள் வெளியே வந்து நான் இருக்கேன் என்பாள், அதோடு சரி, யாரும் சாகவில்லை. நான்? அம்மாவுக்கு நான் தோழி வீட்டில் இருக்கிறேன். எந்தத் தோழி என்றுகூடச் சொல்லவில்லை. திங்கள் போன் அடிப்பாள். செவ்வாய் அடிப்பாள். எத்தனை நாள் அடிப்பாள்? அப்பா பத்தாங்காஸுக்கு வந்து கூடம் கூடமாகத் தேடுவார். அந்த ஃப்ளெக்ஸைக் கழற்றி எடுத்துக்கொண்டு வருவார் என் முகத்தைக் காட்ட. கடலில் தேட வேண்டும் என்றே அவர்களுக்குத் தெரியாது.

அப்பா ரூபென். அம்மா வில்மா. ரெண்டையும் சேர்த்துத்தான் எனக்கு ரூவிலின் என்று வைத்தார்கள். அந்தப் பேர் இந்தக் கப்பலில் எங்கேயும் இல்லை.

சொன்னால் வேலை போச்சு. திருப்பி அனுப்புவார்கள்.

போகட்டும். போய்த் தொலையட்டும். நான் போறேன்.

அதே இரவு, பிறகு

எழுந்தபோது பூரிங் அக்கா கையைப் பிடித்தார். "எங்கடி போற? வாயத் தொறந்தேன்னா என்னையும் சேத்துல்ல பிடிப்பான்!"

தவழ்ந்துதான் போனேன். கசிமிரோ ஏணிப்படியின் கீழே ஒரு கையால் கம்பியைப் பிடித்திருந்தார். பட்டியல் சட்டைக்குள்.

"சார்." கேட்கவில்லை. "சார்!"

"கட்டில்ல போய் உக்காரும்மா."

"நான் எர்லிண்டா இல்ல சார்."

டார்ச்சை என் முகத்தில் அடித்தார். "இப்பத்தான் சொல்லத் தோணுச்சா?"

"ஆமா சார்."

"இறங்க விடமாட்டாங்க, தெரியுமில்ல?"

"தெரியும். எழுதிக்குங்க."

எர்லிண்டா ராபினோவின் மேல் ஒரு கோடு போட்டார். பக்கத்தில் இடமில்லை. தாளைத் திருப்பி என் முதுகில் வைத்து எழுதினார். பேனா அழுத்தியது தெரிந்தது. பெயர், ஊர். யாருக்குத் தகவல் சொல்ல வேண்டும்? வில்மா டும்லாவ், அம்மா. எண்ணை இரண்டு முறை சொல்ல வைத்தார், காற்றில் கேட்கவில்லை.

பின்னால் யாரோ முழங்காலில் இடித்தார்கள். பூரிங் அக்கா.

"என்னையும் எழுதிக்க. பூரிஃபிகாசியோன். அம்பத்திரண்டு. நல்லா தெரியிற மாதிரி எழுதுய்யா, அம்பத்திரண்டு."

"அப்ப அந்த இருமல்?"

"போயிடுச்சு. உன் கப்பலாலதான்."

கசிமிரோ சிரிக்கவில்லை. ஆனால் எழுதினார். எங்களைப் பார்த்து இன்னும் நாலு பேர் தவழ்ந்து வந்தார்கள்.

ஜூன் 9, விடியல்

ஒரு இன்ஜின் ஓடுகிறது. ஊர்ந்து போகிறோம். தூரத்தில் மலை.

போனில் சிக்னல் வந்ததும் அம்மாவின் மெசேஜ்:

"சிபுயான் போற கப்பல் ஒண்ணு நடுக்கடல்ல நின்னுபோச்சுன்னு ரேடியோவுல சொல்றாங்க. நல்லவேளை நீ ஏறல. யாரு பெத்த பிள்ளைகளோ. மெழுகுவத்தி ஏத்தி வெச்சிருக்கேன்."

நாலு முறை எழுதி அழித்தேன். கடைசியில்: அம்மா, நான் இந்தக் கப்பல்லதான் இருக்கேன். உயிரோட இருக்கேன்.

போய்ச் சேர்ந்ததா தெரியவில்லை. சிக்னல் போய்விட்டது.

ஜூன் 9, ஞாயிறு, இரவு, துறைமுக அலுவலகம்

மதியம் மூன்று மணிக்குத் தீவு வந்தது. இறங்கும்போது தரையும் ஆடியது.

காலையில் சிக்னல் கிடைத்தபோது கசிமிரோ பட்டியலைப் படம் எடுத்து அனுப்பியிருக்கிறார். முன்பக்கங்களை மட்டும், எங்கள் பெயர் எழுதிய பின்பக்கத்தை விட்டுவிட்டு. துறைமுகத்தில் அதைப் பெரிதாக்கிச் சுவரில் ஒட்டியிருந்தார்கள். முந்நூறு பெயர். ஆறு பெயர் மேல் மட்டும் கோடு.

கோடு போட்ட பெயர் என்றால் பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள்?

ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் ஒரு ஆள் இறங்குகிற ஒவ்வொருவர் தோளையும் பிடித்து உலுக்கிக்கொண்டிருந்தார். பின்னாலேயே சட்டையைப் பிடித்துக்கொண்டு இரண்டு சின்னப் பெண்கள். "214 பக்கத்துல யாரு படுத்திருந்தா? யாராச்சும் சொல்லுங்க. 214! நீங்க பாத்தீங்களா? கடைசியா எப்ப பாத்தீங்க?"

எர்லிண்டாவின் புருஷன், டெல்ஃபின். ஃபேக்டரி வாசலிலேயே போனை வாங்கி வைத்துவிடுவார்களாம். விடிந்ததிலிருந்து அடித்துக்கொண்டே இருந்திருக்கிறார்.

பூரிங் அக்கா துணி மூட்டைக்குப் பின்னால் உட்கார்ந்துவிட்டார். "அந்த ஆளு மூஞ்சில முழிக்க என்னால ஆகாதுடி. கோடு போட வெச்சது நீதானே. நீயே போய்ச் சொல்லு."

முன்பின் தெரியாத ஆண் ஒருவரிடம் நானாகப் போய்ப் பேசியதே கிடையாது.

"214-ல நான்தான் இருந்தேன்."

"அவ எங்க?"

"அவங்க ஏறவே இல்லண்ணே. ஓவர்டைம். ஃபேக்டரிலதான் இருக்காங்க. அவங்க டிக்கெட்ல நான் வந்தேன்."

கை ஓங்கினார். கண்ணை மூடிக்கொண்டேன். அடி விழவில்லை. திறந்தபோது சிமெண்ட் தரையில் உட்கார்ந்திருந்தார், ஹெல்மெட்டோடு. பெரிய பெண் அவர் முகத்தைத் திருப்பிக் கேட்டாள்:

"அப்ப அம்மா தண்ணிக்குள்ள இல்லையாப்பா?"

"இல்ல" என்றேன் நான்.

"நீ யாரு?" என்றார்.

"ரூவிலின் டும்லாவ். ஆஸ்பத்திரிக்கு வந்திருக்கிற மருந்தாளுநர்."

"படிச்ச பொண்ணு," என்றார். அவ்வளவுதான். எழுந்து போய்விட்டார்.

எங்கள் ஆறு பேரையும் அலுவலகத்தில் உட்கார வைத்திருக்கிறார்கள். காலையில் வாக்குமூலம் எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் போக முடியும். அந்தக் கப்பல் ஒரு மாதத்துக்கு நகராது, அதனால் எங்களைத் திருப்பி அனுப்பவும் வழியில்லையாம்.

ஜூன் 10, திங்கள்

எட்டு நாற்பதுக்குப் போய்ச் சேர்ந்தேன். தலைமை மருத்துவர் என் கடிதத்தைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார், உப்புப் பூத்த பாவாடையைப் பார்த்தார். எந்தக் கப்பல் என்று கேட்டார். எல்லாம் சொன்னேன், பெயர் மாற்றி வந்தது உட்பட. பேனாவை நீட்டினார். "நேரத்தையும் போடு. எட்டு நாற்பது." எச்சரிக்கைக் கடிதம் என் கோப்பில் முதல் தாளாக இருக்கும்.

அம்மா போனில் திட்டவில்லை. அழவும் இல்லை. "சரி" என்று வைத்துவிட்டாள். அதுதான் பயமாக இருக்கிறது.

ஜூன் 14, வெள்ளி

இன்றும் "சரி"தான்.

ஜூன் 19, புதன்

அம்மா நேற்று முழுதாகத் திட்டினாள். இருபது நிமிடம், போனில் காசு தீரும்வரை. இரவு முதல் முறையாக நாலு மணிநேரம் தூங்கினேன்.

மதியம் மருந்து ஜன்னலில் ஒரு பெண், கையில் சீட்டு, கூடவே டெல்ஃபினின் பெரிய மகள். சீட்டைப் படிக்கும் முன்பே யார் என்று தெரிந்துவிட்டது. எர்லிண்டா, என்னைவிடக் குள்ளம். மன்னிப்புக் கேட்க நினைத்திருந்தேன். சீட்டுக்குக் கையை நீட்டினேன்.

"இவளுக்குக் காய்ச்சல்," என்றாள். "நான் வந்ததுலேர்ந்து ராத்திரியில எந்திரிச்சு என் மூஞ்சியத் தொட்டுத் தொட்டுப் பாக்குறா. இருக்கேன்டின்னாலும் விடமாட்டேங்கிறா." என்னை நிமிர்ந்து பார்த்தாள். "டிக்கெட்ட குடுத்தவ நான்தான். உன்னை மட்டும் சொல்லி என்ன."

சிரப் பாட்டிலை எடுத்து, அதில் ஒட்டுவதற்கு லேபிளைக் கிழித்துக்கொண்டு அந்தச் சிறுமியிடம் பெயர் கேட்டேன். அவள் ஜன்னல் கம்பியைப் பிடித்து எக்கி நின்றாள்.

"டெர்லின் ரியோஸ் ராபினோ. ஏழு வயசு. அப்பா டெல்ஃபின் ராபினோ, அம்மா எர்லிண்டா ராபினோ. வீடு சந்தைக்குப் பின்னால, பச்சைக் கதவு." மூச்சு வாங்கிக்கொண்டாள். "யாரு கேட்டாலும் முழுசா சொல்லணும்னு அப்பா சொல்லிக்குடுத்திருக்காரு."

லேபிளில் பெயருக்கு ஒரு வரிதான் இடம் உண்டு. பொடி எழுத்தில், பச்சைக் கதவு வரை எழுதினேன்.