நூற்று முப்பத்தெட்டு

அன்பு மகளுக்கு,

உன் அம்மா ஒரு மனுஷரைப் படுக்கையில் போட்டுவிட்டாள். நானும் அப்பாவும் சுகம்தான், நீயும் அப்படியே இருப்பாய் என்று நம்பித்தான் எழுதுகிறேன். ஆனால் முதலில் இதைச் சொல்லாவிட்டால் உன் தம்பியின் பரீட்சை, ஒழுகுகிற குழாய் என்றே கடிதம் ஓடிப்போய்விடும்.

தொழிற்சாலையில் வேலைக்கு முன்னால் கால் மணி நேரம் உடற்பயிற்சி வைத்தார்களே, அதற்கு முன் எல்லோருக்கும் பிரஷரும் நாடியும் பார்த்து நோட்டில் எழுத என்னைப் போட்டார்கள். மகள் நர்ஸ்தானே, உனக்கு வராதா என்றார் மேனேஜர். அட்டைப்பெட்டி ஒட்டுகிறவளுக்குப் பெருமை தாங்கவில்லை. நீயும் போனில் படித்துப் படித்துச் சொன்னாய், ஐந்து நிமிடம் உட்காரவைத்துப் பிறகு பட்டையைக் கட்டு, நூற்று அறுபதைத் தாண்டினால் பயிற்சிக்கு விடாதே என்று. உன்னிடம் சொல்லாத ஒன்று உண்டு. மாதத்தில் மூன்று தடவை பயிற்சியிலிருந்து ஒதுங்கி உட்கார்ந்தால் அந்த ஆள் தகுதியில்லாதவர் பட்டியலுக்குப் போவார், அடுத்த ஒப்பந்தம் கிடையாது. இதற்குப் பெயர் ஆரோக்கியத் திட்டமாம்! நாள் முழுக்க மூட்டை தூக்குகிறவருக்குக் காலையில் குனிந்து நிமிரச் சொல்லித்தருகிறார்கள். அதனால் இரண்டு தடவை உட்கார்ந்தவர்களுக்கு, மூன்றாம் தடவை மெஷின் என்ன காட்டினாலும் நூற்று முப்பத்தெட்டு என்றே எழுதினேன். பட்டியலுக்கு ஒருவரும் போகாத பிரிவு என்று எங்களைப் பலகையில் போட்டுப் பாராட்டினார்கள், நானும் கைதட்டினேன்.

போன செவ்வாய், ஏற்கெனவே இரண்டு தடவை உட்கார்ந்திருந்த லோடு ஏற்றும் அண்ணனுக்கு நூற்று எண்பத்தாறு, நாடி நூற்றுப் பத்து. உன் மெஷினுக்கு என்மேல் என்ன கோபம் தங்கச்சி, பார்த்து எழுது என்று சிரித்தார். பார்த்துத்தான் எழுதினேன். பாதிப் பயிற்சியில் வாய் ஒரு பக்கம் கோணி அப்படியே சரிந்தார். வலது கையும் காலும் அசையவில்லை, பேச்சும் வரவில்லை. மேனேஜர் என் நோட்டைக் காட்டி, பிரஷர் சரியாகத்தானே இருந்தது, எங்கள் பொறுப்பில்லை என்கிறார். மெஷின் காட்டியது எனக்கும் அந்த அண்ணனுக்கும் மட்டும்தான் தெரியும். நான் வாயைத் திறந்தால் என் வேலை போகும், நோட்டைத் துருவி இன்னும் பதினொரு பேரை வெளியே அனுப்புவார்கள். அவர்களுக்காகத்தான் பேசாமல் இருக்கிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். அதில் பாதிக்கு மேல் பயம்தான்.

இரவுப் பணி முடிந்து வெறும் வயிற்றோடு படுக்காதே. யார் கெஞ்சினாலும் காட்டுகிற எண்ணையே எழுது, நீயாவது. தொட்டது துலங்கி நீ நன்றாக இரு.

உன் அம்மா

ஒட்டும் முன்பு இதையும் எழுதிவிடுகிறேன். நேற்று ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பழங்களை வைத்துவிட்டு, பஸ்ஸுக்கு நேரமாச்சு என்று கிளம்பினேன். அவர் பெண்சாதி படிக்கட்டு வரைக்கும் பின்னாலேயே வந்தாள், அன்றைக்கு எவ்வளவு காட்டியது, அந்த எண்ணை மட்டும் சொல்லிவிட்டுப் போங்கள் அக்கா என்று.