அடுத்தது எப்போது என்று கேட்டாயே

அன்பு மகனுக்கு,

அம்மா எழுதுகிறேன். நான் சுகம், குழந்தை சுகம், நீயும் அங்கே நேரத்துக்குச் சாப்பிட்டு நன்றாக இருப்பாய். உன் மனைவியைச் சுகம் என்று எழுதத்தான் கை வரவில்லை. நேற்றுதான் ஆஸ்பத்திரியிலிருந்து கூட்டி வந்தேன்.

போனில் நீ எதையும் முழுசாகக் கேட்கவில்லை. பிரசவமான மூன்றாவது வாரமே அவளுக்கு மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கியது, படுத்தால் இருமல், மூன்று தலையணை அடுக்கி உட்கார்ந்தபடியே தூங்கினாள், பாதம் வீங்கிச் செருப்புக்குள் நுழையவில்லை. தெருமுனை டாக்டர் தொட்டுக்கூடப் பார்க்காமல் "பிள்ளை பெத்த உடம்பு, அப்படித்தான் இருக்கும்" என்று டானிக் எழுதினார். அவரைச் சொல்வானேன், நான் மட்டும் என்ன? "நாங்கல்லாம் பெத்துக்கலையா, எழுந்து நடமாடு" என்றேன். அவள் துணி துவைக்கப் போனாள். அதை நினைத்தால் என் வாயை நானே கழுவிக்கொள்ளத் தோன்றுகிறது. குழந்தைக்குத் தடுப்பூசி போடப் போனபோது அங்கிருந்த நர்ஸ் அவள் காலை அழுத்திப் பார்த்தாள், விரல் பதிந்த குழி அப்படியே நின்றது. "முதல்ல அம்மாவைப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்க" என்று அவளே ஆட்டோ பிடித்து ஏற்றிவிட்டாள். ஸ்கேன் எடுத்துப் பார்த்தால் இதயம் வீங்கித் தளர்ந்து பாதி வேலைகூடச் செய்யவில்லை, நுரையீரலில் நீர். பிரசவத்தை ஒட்டிச் சில பெண்களுக்கு இப்படி வருமாம். பதினோரு நாள் வைத்திருந்தார்கள். மருந்தில் தேறலாம், தேறாமலும் போகலாம், இன்னொரு முறை கருத்தரித்தால் உயிருக்கே ஆபத்து என்றார் டாக்டரம்மா.

இத்தனையும் சொன்ன பிறகு நீ கேட்டது என்ன? "அடுத்தது பையனாப் பாக்கலாம்னு இருந்தோமே, ஒரு வருஷம் போனாப் பரவால்லையான்னு கேளும்மா." போன் ஸ்பீக்கரில் இருந்தது. அவள் பக்கத்தில் ஆஸ்பத்திரிக் கட்டிலில் உட்கார்ந்து குழந்தைத் துணியை மடித்துக்கொண்டிருந்தாள். அழவில்லை, "மாத்திரை நேரமாச்சு அத்தை" என்று மட்டும் சொன்னாள். என் வயிற்றில் பிறந்த குரலா இது என்று கூசிப் போனேன். வெட்கத்தை விட்டு டாக்டரம்மாவிடம் கேட்கவும் கேட்டேன். அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, "பொண்டாட்டி வேணுமா வேண்டாமான்னு உங்க பிள்ளையை முதல்ல கேளுங்க" என்றார். அதையேதான் நானும் கேட்கிறேன்.

கருத்தடை ஆபரேஷனுக்கு மயக்க மருந்து கொடுத்தால் அவள் இதயம் இப்போது தாங்காது. ஆண்களுக்கு அது அரைமணி நேர வேலையாம், அன்றைக்கே வீட்டுக்கு வந்துவிடலாம். நீ லீவு போட்டு வா, நானே கூட வருகிறேன். ஆம்பளைக்கு எதற்கு என்று இழுத்தாயானால் அவளும் குழந்தையும் என்னோடு இருப்பார்கள், நீ அங்கேயே இருந்துகொள்.

எழுதியதை அவளுக்குப் படித்துக் காட்டினேன். "கடைசி வரியை எடுத்துடுங்க அத்தை, அவர் மனசு நோகும்" என்றாள். நான் எடுக்கவில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள். கடவுள் உனக்கு ஆயுளோடு புத்தியையும் கொடுக்கட்டும். லீவு விண்ணப்பத்தை இந்த வாரமே கொடுத்துவிடு.

இப்படிக்கு,
உன்னைப் பெற்ற அம்மா