மாதம்மாளின் இடது பெருவிரல்

1968 ஜூன் 18

பத்தாம் வகுப்பில் இன்று பாடப்புத்தகத்தைத் திறக்கவில்லை. சிம்னி விளக்கின் மேல் கண்ணாடித் துண்டைக் காட்டிக் கரி பிடித்தேன். பெண்கள் ஒவ்வொருத்தியாக வந்து விரல்களை அதில் ஒற்றி வெள்ளைத்தாளில் பதித்தார்கள்.

"எனக்குச் சங்கு டீச்சர்!"

"எனக்கு எல்லா விரல்லயும் சக்கரம். ராஜயோகம்டி!"

யோகத்தை விடுங்கள், கோடு எங்கே பிரிகிறது, எங்கே நிற்கிறது என்று பாருங்கள் என்றேன். பிறகு யாரோ தொட்டுவைத்த டம்ளரில் முகப்பவுடர் தூவித் தட்டினோம். தொட்டவள் கிருபாராணி என்று கண்டுபிடித்தது பூவம்மாள். வாயே திறக்காத பெண்.

தலைமையாசிரியை பவுலினா அம்மா எட்டிப் பார்த்தார். "பொண்ணுங்க கையெல்லாம் கரி. இது ஸ்கூலா, போலீஸ் ஸ்டேஷனா ஜெயசெல்வி?" இரண்டும் கண்டுபிடிக்கிற இடம்தானே என்று வாய்வரை வந்தது.

ஜூலை 9

கிருபாராணி களிப்பானையைத் தூக்கும்போது விரல் நுனியைச் சுட்டுக்கொண்டாள். தோல் உரிந்துவிட்டது. பதித்துப் பார்த்தால் வெறும் கரித்திட்டு. புதுத்தோல் வந்தால் பழைய ரேகையே வருமா, வேறா? வகுப்பு இரண்டு கட்சியாகப் பிரிந்து கொய்யாப்பழம் பந்தயம் கட்டிவிட்டது. என்னைக் கேட்டார்கள். தெரியாது என்றேன். சொல்லும்போது ஏனோ சந்தோஷமாக இருந்தது.

ஆகஸ்ட் 13

அதே ரேகை! கோடு பிரிகிற இடம்கூட அதே. ஜூன் மாதத் தாளோடு பூதக்கண்ணாடி வைத்து ஒப்பிட்டோம். அப்படியானால் ரேகையின் அச்சு மேல்தோலில் இல்லை, அடியில் இருக்கிறது.

வீட்டில் இவரிடம் விடாமல் பேசிக்கொண்டிருந்தேன் போலிருக்கிறது. "டீச்சரைக் கட்டினேன்னு நெனச்சேன், துப்பறியும் ஆளைக் கட்டியிருக்கேன்" என்று ராயப்பன் சோற்றுத் தட்டைத் துடைத்துக் காட்டினார் — தடயம் இல்லையாம்.

செப்டம்பர் 12

பள்ளி விட்டதும் பூவம்மாள் போகாமல் நின்றாள். அவள் அம்மா மாதம்மாள் விதவை. கல்யாணத்தின்போது, 1951இல், மாதம்மாளின் அப்பா மகள் பேரில் வாங்கிய நிலம் பெங்களூர் ரோட்டோரம் இருக்கிறது. இப்போது கம்பெனி கட்டுவதற்கு ஆட்கள் வந்து ரோட்டோர நிலமெல்லாம் கேட்கிறார்கள். உடனே கொழுந்தன் கங்கப்பனுக்கு ஞாபகம் வந்துவிட்டது: பத்திரத்தில் உள்ள மாதம்மாள் அண்ணனின் மூத்த சம்சாரமாம், செத்துப்போனாளாம், இவள் வேறு மாதம்மாளாம்! இந்தப் பக்கம் கல்லெறிந்தால் ஒரு மாதம்மாள் மேல்தான் விழும். யார் இல்லையென்று சொல்வது?

ரிஜிஸ்தர் ஆபீஸில் அன்று வைத்த இடது பெருவிரல் ரேகை இருக்கிறது. கிருஷ்ணகிரி கோர்ட்டில் அவளை மறுபடி வைக்கச் சொன்னார்கள். ஒன்றும் விழவில்லை.

"சித்தப்பாவோட வக்கீல் எந்திரிச்சு, 'பேரைத்தான் கடன் வாங்குன, ரேகையாவது சொந்தமா வச்சிருக்கக் கூடாதா'ன்னாரு. எல்லாரும் சிரிச்சாங்க டீச்சர்."

பிறகு தலையைக் குனிந்துகொண்டு கேட்டாள்: "கிருபாராணிக்கு வந்த மாதிரி எங்கம்மாவுக்கும் வருங்களா?"

செப்டம்பர் 15

ஆராதனை முடிந்து அவள் அம்மாவைப் பார்க்கப் போனேன். திம்மராயனின் பட்டுப் பட்டறையில் வேலை. கொதிக்கிற தண்ணீரில் கிடக்கும் பட்டுப்புழுக் கூடுகளைத் துழாவி இழையின் நுனியைப் பிடித்துக் கொடுக்க வேண்டும். எத்தனையோ வருஷமாக.

"இந்தக் கையிலங்களா ரேகை தேடறீங்க? வெந்த கெழங்காட்டம் இருக்குது" என்று நீட்டினாள். தொட்டேன். ஈரச் சோப்பைத் தொட்டதுபோல இருந்தது.

தண்ணீரில் கைபடாமல் இருந்தால் வரலாம் என்றேன். 'வரலாம்' என்பதை அழுத்தித்தான் சொன்னேன். அவளுக்கு எப்படிக் கேட்டதோ.

செப்டம்பர் 27

மாதம்மாளின் வக்கீல் முதலில் சிரித்தார். கிருபாராணியின் இரண்டு தாள்களையும் காட்டினேன். சிரிப்பை நிறுத்தி, கோர்ட்டில் டிசம்பர்வரை வாய்தா வாங்கிவிட்டார்.

திம்மராயன்தான் மசியவில்லை. "ஆகல்லம்மா, ஆகல்ல. ராட்டை சுத்த வேணும்னா உடறேன். தண்ணியில கைவைக்க யாரு? பதில் ஆளைக் காட்டச் சொல்லுங்க."

அக்டோபர் 1

பதில் ஆள் பூவம்மாள். இரண்டு நாளாகப் பள்ளிக்கு வரவில்லை. இன்றுதான் தெரிந்தது.

"டிசம்பர் வரைக்குந்தானே டீச்சர். அம்மா ராட்டை சுத்துறாங்க, நான் கூடு புடிக்கிறேன்."

ஐயோ, இது எனக்கு ஏன் தோணாமப் போச்சு? ரேகை முளைக்குமா முளைக்காதான்னு பார்க்கிற ஆசையில, அந்தத் தண்ணியில வேற எவளாவது கைவிடணுமேன்னு யோசிச்சேனா நான்?

அக்டோபர் 20

ஞாயிறுதோறும் பாடங்களை எடுத்துக்கொண்டு பட்டறைக்குப் போகிறேன். பூவம்மாள் விரல்கள் வெளுத்து ஊறிக் கிடக்கின்றன. அம்மாவின் விரலில் இன்னும் ஒன்றும் தெரியவில்லை.

இன்னொன்றும் குடைகிறது. கங்கப்பன் சொல்வதே உண்மையாக இருந்தால்? முளைக்கிற ரேகை பட்சபாதம் பார்க்காது. நான் அவளுக்கு உதவுகிறேனா, அவளுக்கு எதிராகச் சாட்சி வளர்க்கிறேனா? கேட்கவும் கூசுகிறது, கேட்காமல் இருக்கவும் முடியவில்லை.

நவம்பர் 17

இடது பெருவிரலின் ஓரத்தில் இரண்டு கோடு. இரண்டே இரண்டு.

டிசம்பர் 1

இன்று ஒரு சுழி முழுசாக விழுந்தது. மாதம்மாள் தாளை வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்தாள்.

கேட்டேவிட்டேன். "மாதம்மா, பழைய ரேகையோடு சேராமல் போனால்?"

கோபப்படுவாள் என்று நினைத்தேன். சிரித்தாள். "ஏங்க டீச்சர், நான் நானுன்னு எனக்குத் தெரியாதுங்களா? உங்க கோர்ட்டுக்குத்தான் தெரியல."

டிசம்பர் 19

கோர்ட்டில் ரேகை வைத்தாயிற்று. நிபுணருக்கு அனுப்புகிறார்கள். கங்கப்பன் வெளியே வெற்றிலையைத் துப்பிவிட்டு, "என்னாம்மே டீச்சரு, பயிர் பண்ணுற மாதிரி ரேகை பண்ணிட்டு வந்திருக்கீங்க" என்றான்.

1969 பிப்ரவரி 6

ஒரே ஆள். நிபுணர் அப்படித்தான் எழுதியிருக்கிறாராம். கங்கப்பன் பக்கத்திலிருந்து சமாதானம் பேச ஆள் அனுப்பியிருக்கிறார்கள். நிலம் அவளுக்குத்தான்.

ஆனால் பூவம்மாள் இன்னும் வரவில்லை. போய்க் கேட்டேன். "கை ஆறட்டும் டீச்சர், பேனா வழுக்குது" என்கிறாள். பவுலினா அம்மா வருகைப் பதிவேட்டிலிருந்து பெயரை எடுக்கவா என்று இரண்டு முறை கேட்டுவிட்டார். முடியாது என்றேன். குரல் உயர்ந்துவிட்டது.

பிப்ரவரி 17

பூவம்மாள் வந்தாள். பேனாவில் துணி சுற்றியிருந்தாள். எழுத்து கோழி கிளறியதுபோல.

வகுப்பின் நடுவில் எழுந்தாள். "டீச்சர், நம்மள அடையாளம் கண்டுபிடிக்கவா சாமி ரேகை வச்சிச்சு? அது இல்லாமயும் எங்கம்மா எங்கம்மாதானே? வேற எதுக்கோ வச்சிருக்குது. எனக்கு ரேகை அழிய அழிய, கூடு கையில நிக்கவே இல்ல. இழை தொடுறதே தெரியல."

ஜூனிலிருந்து ரேகை ரேகை என்று அலைந்தவள் நான். யாருடையது என்று கேட்டேன், போனால் வருமா என்று கேட்டேன். எதற்காக இருக்கிறது என்று கேட்கவே இல்லை.

சாக்பீஸை அவளிடம் நீட்டினேன். இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கரும்பலகைக்கு வந்தாள்.