நாற்பத்திரண்டு துடிப்பு

அத்தான்,

தொண்டையில் குழாய் இருப்பதால் உங்களால் பேச முடியாது. வாய்விட்டுச் சொன்னால் நான் அழுதுவிடுவேன். அதனால் எழுதிக் காட்டுகிறேன்.

ஞாயிறு ஆராதனை முடிந்து, சேரன்மகாதேவி ஆலய வாசலில் உங்கள் இதயம் நின்றுவிட்டது. ஆம்புலன்ஸ் வரும்வரை நெஞ்சை அழுத்திக்கொண்டே இருந்தவர், பள்ளியில் முதலுதவிப் பயிற்சி எடுத்த உங்கள் அண்ணன். "எந்திரிலே தம்பி, எந்திரிலே" என்றார். ஆறு வருஷத்தில் அவர் உங்களோடு பேசிய முதல் பேச்சு.

இங்கே ஆஸ்பத்திரியில் மூளையைக் காப்பாற்ற ஒரு நாள் முழுக்க உங்கள் உடம்பைக் குளிர வைத்திருந்தார்கள். திரையில் துடிப்பு நாற்பத்திரண்டு என்று கண்டதும் நர்ஸ் ரீபாவிடம் ஓடினேன்.

"பயப்படாதீங்கக்கா. உடம்பு குளிர்ந்தா இதயம் பையத்தான் அடிக்கும். ரத்த அழுத்தம் சரியா இருக்கு. இது நல்ல அறிகுறிதான்" என்றாள்.

அதை அண்ணனிடம் சொன்னேன். பெஞ்சில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதார்.

இன்று மெல்லச் சூடேற்றினார்கள். துடிப்பு எழுபதுக்கு வந்தது, நீங்கள் கண் திறந்தீர்கள்.

உங்கள் இருவரையும் பேசவிடாமல் பிரித்த அந்தச் சண்டை எப்படித் தொடங்கியது என்பதை வீட்டுக்கு வந்ததும் பேசுவோம். அதில் நான் சொல்ல வேண்டியதும் இருக்கிறது.

அண்ணன் கதவுக்கு வெளியே நிற்கிறார். உள்ளே வரத் தயங்குகிறார். கூப்பிடட்டுமா? சரியென்றால் என் கையை அழுத்துங்கள்.

பக்கத்தில் நிற்கும்
உங்கள் வீட்டுக்காரி